டிவோலி கார்டன்ஸ் முற்றுகை, கிங்ஸ்டன் 2010: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010 மே மாதக் கடைசி வாரத்தில், ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் டிவோலி கார்டன்ஸ் என்ற குடியிருப்புக்குள் ராணுவமும் போலீஸும் நுழைந்தன. கிறிஸ்டோஃபர் 'டூடஸ்' கோக் என்ற ஒரே ஒரு ஆளைப் பிடிக்கத்தான் போனார்கள். அந்த ஆள் அங்கே கிடைக்கவில்லை. ஆனால் குறைந்தது 69 பேர் செத்துப்போனார்கள். "ரவுடிக் கும்பலுக்கும் போலீஸுக்கும் சண்டை" என்ற ஒற்றை வரியில் இந்தச் செய்தியைக் கடந்து போனவர்கள் அதிகம். அந்த ஒற்றை வரி போதாது என்று நினைப்பதால்தான் இந்தப் பக்கம்.

டிவோலி கார்டன்ஸ் எப்படிப்பட்ட இடம்?

மேற்கு கிங்ஸ்டனில், துறைமுகத்துக்கும் பெரிய சந்தைக்கும் பக்கத்தில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. 1960-களின் நடுப்பகுதி வரை அங்கே 'பேக்-ஓ-வால்' என்ற குடிசைப்பகுதி இருந்தது. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் சரியாக இல்லாத, நாட்டிலேயே ஏழ்மையான இடங்களில் ஒன்று. ஜமைக்காவில் பிறந்த ஒரு சமய இயக்கத்தைச் சேர்ந்த ரஸ்தஃபாரிகள் பலரும் அங்கேதான் இருந்தார்கள். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சருமான எட்வர்ட் சியாகா புல்டோசர் விட்டுக் குடிசைகளை இடித்தார். அதே இடத்தில் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், சமூகக்கூடம் எல்லாம் கட்டினார்.

வீடுகள் நல்ல வீடுகள்தான். சிக்கல் அவை யாருக்குப் போயின என்பதில் இருக்கிறது. சியாகாவின் ஜமைக்கா தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கே அவை ஒதுக்கப்பட்டன. இடிபட்ட குடிசைகளில் இருந்தவர்களில் எதிர்க்கட்சியான மக்கள் தேசியக் கட்சிக்காரர்கள் துரத்தப்பட்டார்கள். பின்னாளில் அந்தக் கட்சியும் ஆட்சிக்கு வந்து, தன் ஆட்களுக்காக ஆர்னெட் கார்டன்ஸ் போன்ற குடியிருப்புகளை எழுப்பியது. ஆக இந்தத் தப்பில் இரண்டு கட்சிக்கும் பங்கு உண்டு.

ஒரு குடியிருப்பு முழுக்க ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுமா?

போடும். போடவைப்பார்கள். ஜமைக்காவில் இத்தகைய தொகுதிகளை 'கேரிசன்' என்கிறார்கள். சில வாக்குச்சாவடிகளில் ஏறக்குறைய எல்லா ஓட்டும் ஒரே கட்சிக்குப் போகும். தேர்தல் நேரத்தில் எல்லையைக் காக்க இளைஞர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. 1980 தேர்தல் ஆண்டில் மட்டும் அரசியல் வன்முறையில் 800 பேருக்கு மேல் செத்தார்கள். இருபது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் தீவில் அது எவ்வளவு பெரிய எண் என்று யோசித்துப் பாருங்கள்.

சியாகா 1962 முதல் 2005 வரை மேற்கு கிங்ஸ்டனின் உறுப்பினராக இருந்தார். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் அதே கட்சியின் புரூஸ் கோல்டிங். 2007-ல் அவர் பிரதமரானார். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த பலவும் இதில்தான் தொங்குகின்றன.

டூடஸ் யார்?

முழுப்பெயர் கிறிஸ்டோஃபர் கோக். ஊரில் 'டூடஸ்', 'பிரசிடென்ட்'. டிவோலியின் டான்.

அந்த இடம் அவருக்குப் பரம்பரையாக வந்தது. 1970-களில் டிவோலியில் கை ஓங்கியிருந்த கிளாட் மாசப் 1979-ல் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னால் தலையெடுத்தவர் 'ஜிம் பிரவுன்' என்று அழைக்கப்பட்ட லெஸ்டர் கோக், டூடஸின் அப்பா. 'ஷவர் பாஸி' என்ற கும்பலை அமெரிக்க நகரங்கள் வரை கொண்டுபோய்க் கொக்கெய்ன் வியாபாரம் நடத்தியவர். தேர்தலில் கட்சிக்கு உதவிய துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு கட்டத்தில் கட்சியின் காசு தேவைப்படாமல் போனது, போதைப்பொருளில் அதைவிடப் பெரிய காசு வந்தது. பிடி யார் கையில் என்பது அங்கேதான் மாறியது.

ஜிம் பிரவுனையும் அமெரிக்கா கேட்டது. 1992 பிப்ரவரியில், ஒப்படைக்கப்படுவதற்குக் காத்திருந்த நேரத்தில், கிங்ஸ்டன் சிறையில் அவருடைய அறையில் தீப்பிடித்து இறந்தார். அதே நாளில்தான் சுட்டுக்கொல்லப்பட்ட அவருடைய மூத்த மகனின் இறுதிச்சடங்கும் நடந்தது. அப்பாவும் அண்ணனும் போனபின் இருபதுகளில் இருந்த டூடஸ் பொறுப்புக்கு வந்தார். பேச்சில் அடக்கம், உடுப்பில் பகட்டில்லை, புகைப்படத்தில் அதிகம் சிக்கமாட்டார். அவருடைய கட்டுமான நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தங்களே கிடைத்தன.

மக்கள் ஏன் அப்படிப்பட்டவரை ஆதரித்தார்கள்?

பயம் ஒரு காரணம். ஆனால் பயம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். டிவோலிக்குள் திருட்டு கிடையாது. கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று அங்கிருந்தவர்கள் சொல்வார்கள். பள்ளி திறக்கும் நேரத்தில் புத்தகத்துக்கும் சீருடைக்கும் காசு, வயசானவர்களுக்குச் சாப்பாடு, இளைஞர்களுக்கு வேலை, புதன்கிழமை ராத்திரிகளில் தெருவில் 'பாஸா பாஸா' ஆட்டம். பக்கத்துப் பகுதிகளிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அந்த ஆட்டத்துக்குக் கூட்டம் வரும், தெருவில் கடை போட்டவர்களுக்கு நாலு காசு கிடைக்கும்.

அப்புறம் மறுபக்கம். தகராறு வந்தால் விசாரிப்பதும் தண்டனை கொடுப்பதும் டான். அடி, உதை, சில நேரம் உயிரே போகும். அதற்கு அப்பீல் கிடையாது. பக்கத்திலிருக்கும் கரோனேஷன் சந்தையில் காய்கறி விற்கிற பெண்கள் மாமூல் கட்டவேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவருக்கு ஊரில் இடமில்லை. அரசு செய்யவேண்டியதை ஒருவர் செய்துகொடுத்து, அதற்கு விலையாக மக்களின் மௌனத்தை வாங்கிக்கொண்டார் என்பதே என் புரிதல்.

அமெரிக்கா கேட்டது 2009 ஆகஸ்டில். ஒன்பது மாதம் ஏன் இழுத்தது?

போதைப்பொருள், ஆயுதக் கடத்தல் வழக்குகளில் டூடஸை ஒப்படைக்கும்படி அமெரிக்கா கேட்டது. பிரதமர் கோல்டிங் மறுத்தார். டூடஸின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்ததை ஜமைக்கச் சட்டத்தை மீறி அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டார்கள், அந்த ஆதாரம் செல்லாது என்பது அவர் சொன்ன காரணம். சட்டப்படி அதில் விவாதத்துக்கு இடம் இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் தேடப்படுகிறவர் பிரதமரின் சொந்தத் தொகுதியின் டான். அந்த வாதத்தை அவர் வாயிலிருந்து கேட்டு நம்ப எத்தனை பேர் தயாராக இருந்திருப்பார்கள்?

2010 மார்ச்சில் இன்னொன்று வெளியே வந்தது. இந்த விவகாரத்தில் அமெரிக்க அரசிடம் பேசுவதற்காக ஒரு அமெரிக்க சட்ட நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். அரசாங்கம் அமர்த்தவில்லை என்று முதலில் மறுத்தார் கோல்டிங். மே மாதம், கட்சித் தலைவராகத் தான் அதற்கு ஒப்புதல் கொடுத்ததை நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்டார். நெருக்கடி முற்றி, மே 17 இரவு தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஒப்படைப்பு நடவடிக்கை தொடங்கும் என்று அறிவித்தார். மறுநாள் பிடிவாரண்டு.

பிடிக்கப்போகிறோம் என்பதை டெலிவிஷனில் சொல்லிவிட்டு, உள்ளே நுழைய ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாரத்தில்தான் அரண்கள் எழும்பின.

அந்தத் தடுப்பரண்கள் எப்படி இருந்தன?

தெருவில் டயர் கொளுத்துகிற மாதிரியான தற்காலிகத் தடுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. குடியிருப்புக்குள் நுழைகிற ஒவ்வொரு வழியும் அடைக்கப்பட்டது. ஓடாத பழைய கார்களைக் குறுக்கே தள்ளி, இடையில் மணல் மூட்டைகளை அடுக்கி, மேலே முள்கம்பி சுற்றினார்கள். சில இடங்களில் கம்பியில் மின்சாரம் பாய்ச்சியிருப்பதாகப் போலீஸ் எச்சரித்தது. சமையல் கேஸ் சிலிண்டர்களை வெடிகுண்டாக மாற்றி, ஒயர் இழுத்து, தூரத்திலிருந்து வெடிக்கவைக்கும்படி வைத்திருந்தார்கள். மாடிகளில் துப்பாக்கிக்காரர்கள். டிவோலியின் ஆட்கள் மட்டும் இல்லை, மற்றப் பகுதிகளின் கும்பல்களிலிருந்தும் துப்பாக்கியோடு வந்து சேர்ந்தார்கள் என்று, இந்த நடவடிக்கையை ஆராய 2014-ல் உட்கார்ந்த விசாரணை ஆணையம் பின்னாளில் ஏற்றுக்கொண்டது.

மே 20 அன்று வெள்ளை உடுத்திய பெண்கள் நூற்றுக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அட்டைகளில் டூடஸைத் தொடாதே என்ற வாசகங்கள். ஒரு அட்டை உலகம் முழுக்கச் செய்திகளில் வந்தது: இயேசு எங்களுக்காகச் செத்தார், நாங்கள் டூடஸுக்காகச் சாவோம். மனசாரப் போனவர்கள் எத்தனை பேர், போகச்சொன்னதால் போனவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த ஒரு அட்டையை வைத்து டிவோலியில் இருந்த எல்லோரையும் குற்றவாளியாக்கிப் பேசியது பெரிய அநியாயம்.

உள்ளே இருந்த மக்கள் ஏன் வெளியே வந்துவிடவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பலர் பதிலையும் மனதில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்: 'அவர்களும் உடந்தை'. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அரசு பேருந்து அனுப்பியது உண்மை. வெளியேற விரும்புகிறவர்கள் வரலாம் என்று அறிவித்ததும் உண்மை. மிகச் சிலரே வந்தார்கள். ஆனால் பேருந்துக்குப் போகவேண்டுமானால் துப்பாக்கிக்காரர்கள் நிற்கிற அரணைத் தாண்டவேண்டும். போனவர் திரும்பி வந்து அதே தெருவில் வாழமுடியுமா? படுத்த படுக்கையாய் இருக்கிற அம்மாவை என்ன செய்வது? பூட்டிவிட்டுப் போன வீட்டில் திரும்பி வரும்போது என்ன மிஞ்சியிருக்கும்? வெளியே நிற்கிற போலீஸை நம்பலாமா?

கடைசிக் கேள்விக்கு டிவோலிக்காரர்களிடம் அனுபவம் இருந்தது. 1997-ல் போலீஸ், ராணுவ நடவடிக்கையில் மூன்று பெண்களும் ஒரு குழந்தையும் இறந்தார்கள். 2001 ஜூலையில், ஆயுதம் தேடுவதாக உள்ளே போன நடவடிக்கை மூன்று நாள் நீடித்து 27 பேர் இறந்தார்கள், அவர்களில் 25 பேர் பொதுமக்கள். அதற்கும் ஒரு விசாரணை ஆணையம் வைத்தார்கள். படைகள்மேல் தவறில்லை என்று அது முடித்தது.

மே 23, 24-ல் என்ன நடந்தது?

23 ஞாயிற்றுக்கிழமை. மேற்கு கிங்ஸ்டனில் போலீஸ் ஸ்டேஷன்கள் தாக்கப்பட்டன. ஹன்னா டவுன் ஸ்டேஷன் எரிந்து போனது. சாயங்காலம் கிங்ஸ்டனுக்கும் அதை ஒட்டிய செயின்ட் ஆண்ட்ரூ மாவட்டத்துக்கும் அவசரநிலை அறிவித்தார்கள். அன்று இரவு மவுண்டன் வியூ பகுதியில் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. டிவோலிக்காகப் பேசுகிறவர்கள் அந்த இரண்டு பேரை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

24 திங்கள் காலை ராணுவம் அரண்களை உடைக்கத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து கடுமையாகச் சுட்டார்கள். முன்னேற நேரம் எடுத்தது. ஒரு படைவீரர் இறந்தார். சாயங்காலத்துக்குள் குடியிருப்பின் பெரும்பகுதி படைகளின் கைக்கு வந்துவிட்டது. சந்தையின் ஒரு பகுதி எரிந்தது.

சண்டை அதோடு ஓய்ந்திருக்கவேண்டும். மிக மோசமான சாட்சியங்கள் அதற்குப் பிறகான நேரத்தைப் பற்றியவை. படைகள் வீடுவீடாகப் போனபோது ஆண்பிள்ளைகளைத் தனியே பிரித்தார்கள். பெண்களை அடுத்த அறைக்கோ வெளியேயோ அனுப்பினார்கள். பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மகனை, தம்பியை, புருஷனைப் பற்றி ஒருவருக்குப் பின் ஒருவராக வந்து ஆணையத்தின் முன் சொன்னார்கள். சில போலீஸ்காரர்கள் முகத்தை மூடியிருந்ததால் யார் என்று காட்டமுடியவில்லை என்றும் சொன்னார்கள்.

உயிரோடு பிடிக்கப்பட்ட இளைஞர்களை லாரிகளில் ஏற்றி விளையாட்டு அரங்கத்தில் அடைத்தார்கள். இரண்டு மாதம் நீடித்த அவசரநிலையில் பிடிக்கப்பட்டவர்கள் மொத்தம் 4,000-க்கு மேல். பெரும்பாலானவர்கள்மேல் எந்த வழக்கும் போடாமல் விட்டுவிட்டார்கள்.

குடியிருப்பின்மேல் மோர்ட்டார் (குண்டை உயரே வீசும் சிறு பீரங்கி) சுட்டது உண்மையா?

உண்மை. வானத்திலிருந்து குண்டு விழுந்தது என்று மக்கள் முதல் நாளிலிருந்தே சொன்னார்கள். பின்னால் ராணுவமே அதை ஒத்துக்கொண்டது. காலியான இடங்களைப் பார்த்துத்தான் சுட்டோம், துப்பாக்கிக்காரர்களைத் திகைக்கவைப்பதற்காகத்தான் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து வாழ்கிற இடத்தில் அந்த ஆயுதத்தைத் தொட்டிருக்கவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைப் பயன்படுத்திய முடிவை ஆணையமும் கண்டித்தது.

அமெரிக்காவுக்கு இதில் என்ன பங்கு?

ஆளைக் கேட்டது அவர்கள். நடவடிக்கை நடந்தபோது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பு விமானம் ஒன்று டிவோலிக்கு மேலே பறந்து படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஜமைக்க அமைச்சர் ஒருவர் அப்படி விமானமே இல்லை என்றார். 2011 கடைசியில் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் அதை வெளியே கொண்டுவந்த பிறகு அந்த மறுப்பு நிற்கவில்லை.

இறந்தவர்கள் எத்தனை பேர்? எண்கள் ஏன் மாறுகின்றன?

ஆரம்பத்தில் 73 பொதுமக்கள் என்றார்கள். அரசுமேல் மக்கள் சொல்லும் புகார்களை விசாரிக்கும் 'மக்கள் வழக்குரைஞர்' பதவியில் இருந்த ஏர்ல் விட்டர் 2013-ல் கொடுத்த இடைக்கால அறிக்கையில் 76 பேர், அவர்களில் 44 பேரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றதாகப் புகார் என்று இருந்தது. 2016 ஆணையத்தின் எண் 69. எந்தச் சாவை டிவோலி நடவடிக்கையோடு சேர்ப்பது, எதைப் பக்கத்துப் பகுதிச் சம்பவமாகப் பார்ப்பது என்பதிலெல்லாம் வேறுபாடு வரும். தவிர, சடலங்கள் அழுகிப்போன நிலையிலும் பரிசோதனைக்கு வந்தன.

மே 27 அதிகாலை, டிவோலியிலிருந்து தூரத்தில் இருக்கும் கிர்க்லண்ட் ஹைட்ஸ் மலைப்பகுதியில், ஒரு கணக்காளரை அவருடைய சொந்த வீட்டில் படைவீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். டூடஸைத் தேடித்தான் அங்கேயும் போயிருந்தார்கள். வசதியான பகுதி, படித்தவர், அரசியல் குடும்பம். அந்த ஒரு சாவுக்கு வீரர்கள்மேல் வழக்கு வந்தது. டிவோலிக்குள் நடந்த சாவுகளுக்கு அப்படி வழக்கு வரவில்லை. இந்த வித்தியாசத்தைப் பற்றி ஜமைக்காவில் வெளிப்படையாகவே பேசினார்கள், பேசவும் வேண்டும்.

கடைசியில் டூடஸ் எப்படிப் பிடிபட்டார்?

ஜூன் 22 அன்று, கிங்ஸ்டனுக்கு வெளியே மண்டேலா நெடுஞ்சாலையில் ஒரு காரை நிறுத்திச் சோதித்தார்கள். ஓட்டியவர் பிரபலமான போதகர் அல் மில்லர். உள்ளே பெண்கள் வைக்கிற மாதிரி சவுரி வைத்துக்கொண்டு டூடஸ். அமெரிக்கத் தூதரகத்தில் சரணடைய அழைத்துப்போவதாகப் போதகர் சொன்னார். சட்டத்தின் நடவடிக்கைக்கு இடையூறு செய்ததாக 2016-ல் அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

பிடித்தபோது ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இரண்டே நாளில் டூடஸ் நியூயார்க் போனார். 2011-ல் குற்றத்தை ஒத்துக்கொண்டார், 2012 ஜூனில் 23 ஆண்டு சிறை. கோல்டிங் 2011 அக்டோபரில் பதவி விலகினார். அந்த டிசம்பரில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது.

இந்த நடவடிக்கையால் குற்றம் குறைந்ததா?

சில ஆண்டுகளுக்குக் குறைந்தது. 2009-ல் ஜமைக்காவில் 1,600-க்கு மேல் கொலைகள். 2011-ல் 1,200-க்குக் கீழே வந்தது. பல பகுதி டான்கள் ஒதுங்கிப் போனார்கள், சிலர் தாங்களாகவே போலீஸில் ஆஜரானார்கள். எனக்குப் பிடிக்காத உண்மை என்பதற்காக இதை மறைக்கமாட்டேன்.

ஆனால் 2017-ல் எண்ணிக்கை மறுபடி 1,600-ஐத் தொட்டது. பெரிய டான் போனபின் அவருக்குக் கீழே இருந்தவர்கள் சின்னச் சின்னக் கும்பல்களாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் நம்பக்கூடிய போலீஸ் ஸ்டேஷனும் அந்த இடத்துக்கு வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 2025 அக்டோபரில் ரியோ டி ஜெனீரோவின் அலெமாவ், பென்யா குன்றுக் குடியிருப்புகளில் எரியும் தடுப்புகளுக்கு நடுவே போலீஸ் நுழைந்து 120 பேருக்கு மேல் செத்த செய்தி வந்தபோது, குற்றம் குறையும் என்ற அதே வாதம் அங்கேயும் சொல்லப்பட்டது.

விசாரணை என்ன சொன்னது? யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

பார்படோஸின் முன்னாள் தலைமை நீதிபதி டேவிட் சிம்மன்ஸ் தலைமையில் 2014 டிசம்பரில் ஆணையம் உட்கார்ந்தது. 2016 ஜூனில் அறிக்கை வந்தது. ஆயுதக் கும்பலின் எதிர்ப்பு உண்மை, படைகள் உள்ளே போகவேண்டிய கட்டாயம் இருந்தது என்பதை அது ஏற்றது. அதோடு குறைந்தது 15 சாவுகள் சட்டத்துக்குப் புறம்பான கொலைகளாகத் தெரிகின்றன என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களும் உண்டு, இரண்டாவதை மட்டும் பேசுகிறவர்களும் உண்டு.

2017-ல் போலீஸ் துறை தன் உள்விசாரணையை வெளியிட்டது. ஆணையம் குறைகூறிய அதிகாரிகள்மேல் தவறில்லை என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. இழப்பீட்டுக்கு 20 கோடி ஜமைக்க டாலர் ஒதுக்கினார்கள், அமெரிக்கக் காசில் பதினைந்து லட்சம் சொச்சம். உடைந்த கதவுக்கும் எரிந்த சாமானுக்கும் போன உயிருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

ஒரு நல்லது நடந்தது. படைகள் செய்கிற சாவுகளை விசாரிக்க இண்டெகாம் என்ற சுதந்திர அமைப்பு 2010 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியது. 2014 முதல் சில ஆண்டுகளுக்குப் போலீஸ் சூட்டில் சாகிறவர்கள் எண்ணிக்கை நன்றாகக் குறைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. டிவோலியின் 15 பேர் விஷயத்தில் மட்டும், சுட்டவர் இவர்தான் என்று ஒரு பெயரைக்கூட எந்த நீதிமன்றமும் தீர்ப்பில் எழுதவில்லை.